ஒரே குளிசை, இரண்டு வேலை

சின்னம்மாவுக்கு மார்பில் சத்திரசிகிச்சை முடிந்தபின் வைத்தியர் தமொக்சிபென் குளிசை எழுதிக் கொடுத்தார். மாதவிடாய் நின்றவருக்கு மீண்டும் இரத்தம் பட்டால் உடனே வரவேண்டும் என்றும் சொன்னார். "மார்புக்குத் தந்த குளிசை கருப்பையை ஏன் பிள்ளை தொடுது?" என்று சின்னம்மா கேட்டா. தேடிப் படித்தேன்.

நமது கலமொன்றுக்குள் ஏறத்தாழ 2 மீற்றர் நீள டீ.என்.ஏ. இழை இருக்கிறது. ஹிஸ்ரோன் என்னும் புரதங்களில், நூற்கட்டையில் நூல்போல, அது சுற்றப்பட்டிருக்கிறது. இறுகிய இடத்துப் பரம்பரையலகு பெரும்பாலும் வேலை செய்யாது. ஈஸ்திரோஜன் ஓமோன் தன் வாங்கியில் ஒட்டியதும், வாங்கி டீ.என்.ஏ.யில் அமர்ந்து, சுற்றைத் தளர்த்தும் உதவிப் புரதங்களை அழைக்கிறது. மார்புப் புற்றுநோய்கள் பல இப்படித்தான் வளர்கின்றன.

தமொக்சிபென் அதே வாங்கியில் ஏறிக்கொள்ளும். மார்புக் கலத்தில் அது அழைப்பது சுற்றை இறுக்கும் புரதங்களை. 2002 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருப்பை உட்சுவர்ப் புற்றுக் கலங்களில் உதவிப் புரதமொன்று மிகுந்திருந்ததால் அதே குளிசை தளர்த்தும் பக்கம் சாய்ந்தது. உட்சுவர் தடிக்கலாம்; சிலருக்குப் புற்றும் வரலாம்.

அதற்காக வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்தாதீர்கள், சகோதரிகளே. நோய் திரும்பாமல் பலரைக் காப்பது அதுதான்.

முகாமில் நோவை அடக்கிப் பழகிய சின்னம்மா, இரத்தம் கண்டும் மூன்று வாரம் வெட்கத்தில் மறைத்தா. சோதித்தபோது சிறு சதை வளர்ச்சிதான், அகற்றினார்கள். இப்போதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குளிசை போடுகிறா.