மணி மாலையும் மறைவுரிமையும்

நகை என்றவுடன் நம்மவர் இல்லங்களில் நினைவுக்கு வருவது பொன் ஒன்றே. ஊரிலிருந்து வரும் நாத்தனாரின் கண் முதலில் செல்வது நம் இல்லத்தரசியின் கழுத்துக்குத்தான். அவசரத்துக்கு அடகுக் கடை ஏறுவதும் அந்தப் பொன்னே. ஆனால் நாம் இங்கு எழுதப் புகுவது கண்ணாடி மணி, பித்தளை, சுடுமண் ஆகியவற்றால் கையால் செய்யப்படும் எளிய அணிகளைப் பற்றியாகும். எச்.ஐ.வி. கிருமியுடன் வாழும் பெண்கள் சிலருக்கு உலகின் பல பாகங்களில் இவையே சோறு போட்டிருக்கின்றன.

எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபா நகருக்கு மேலே எண்டோட்டோ என்றொரு மலை உண்டு. அங்குள்ள கிறிஸ்தவக் கோயில் தீர்த்தத்தால் நோய் தீரும் என்று நம்பி வந்து தங்கிவிட்ட பெண்கள் பலர். அவர்களில் சிலர், போர்களில் எஞ்சிய தோட்டாக் கூடுகளை உருக்கி வார்த்த மணிகளைக் கோத்து மாலை செய்யலாயினர். அம்மாலைகள் கடல் கடந்து விலைபோயின.

நம் நாட்டில் இந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதன்பின் பல ஆண்டுகள், கணவனிடமிருந்து கிருமியைப் பெற்று அவனையும் இழந்த பெண், காதிலும் கழுத்திலும் கிடந்ததை விற்றே மருந்து வாங்க வேண்டியிருந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. கல்கத்தாவில் வெப்ப மண்டல நோய் மருத்துவக் கல்லூரியிலும் அது கிடைக்கிறது. மருந்து கிடைத்தது; அரிசிக்கு வழி? கூலி வேலைதான் வழி.

ஹவுரா படித்துறையில் லாஞ்சு ஏறினால் எதிர்க்கரையில் சோபாபஜார். அதனை அடுத்த சோனாகாச்சிப் பகுதியில் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா நோய்த் தடுப்புப் பணியைத் தொடங்கினார். வட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்த அப்பகுதிப் பெண்கள் 1995-ல் 'உஷா' என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்ய முயன்றபோது, உறுப்பினர் நன்னடத்தை உடையோராக இருத்தல் வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று எழுதிவிடுங்கள் என்று யோசனை கூறப்பட்டது. அவர்கள் இசையவில்லை. இறுதியில் விதியே வழிவிட்டது! தம்மைப் பற்றி ஏட்டில் என்ன எழுதுவது என்பதை அவர்கள் தாமே முடிவு செய்தார்கள் என்பதை நேயர்கள் கருத வேண்டும்.

கைவினைப் பொருள்களுக்கு 'நியாய வணிகம்' என்றொரு முறை வழங்கி வருகிறது. இதன் உலக அமைப்பு வகுத்துள்ள நெறிகளில் ஒன்று நமக்கு மிகவும் பிடித்தது: செய்பவர் கேட்டால், ஆர்டர் தொகையில் பாதிக்குக் குறையாமல் வட்டியின்றி முன்பணம் தர வேண்டும். மணியும் கம்பியும் வாங்கக் கடன்படுகிறவளுக்கு, விலையில் நாலணா கூட்டித் தருவதைவிட இதுவே பெரிய உதவி.

'அந்தக் கை தொட்டதை அணியலாமா?' என்று நம் சகோதரிகள் கேட்கக்கூடும். தாராளமாக அணியலாம். தொடுவதால் இக்கிருமி பரவாது. மணியிலும் நூலிலும் தங்கி வந்து தொற்றாது. மருந்தை ஒழுங்காக உண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு சோதனைக்குப் புலப்படாத நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவாலும் பரவுவதில்லை.

நமக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. 'இது நோயுற்ற பெண் செய்தது' என்று சீட்டுக் கட்டி விற்கும் வழக்கம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடலாகாது என்கிறது. சென்னையில் 1998-ல் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அமைப்பைத் தோற்றுவித்த கௌசல்யா, தம் நிலையை ஊரறியச் சொன்னார். அது அவர் தாமே மேற்கொண்ட துணிவு. வாடகை வீட்டில் பிள்ளைகளுடன் இருக்கும் ஒருத்தியின் முகத்தைப் படம்பிடித்து மாலையோடு தொங்கவிடுவது அதனோடு சேருமா? சம்மதம் பெற்றோம் என்பார்கள். கூலி தருபவன் கேட்கும்போது மறுக்க எத்தனை பேருக்கு முடியும்?

ஆகையால் வாங்கச் செல்பவர்கள் முன்பணம் தரப்படுகிறதா, கணக்கு அப்பெண்ணின் பெயரிலேயே உள்ளதா என்று கேளுங்கள். யாருக்கு நோய் என்று கேட்க வேண்டாம். நவராத்திரித் தாம்பூலத்துடன் வைத்துக் கொடுக்க மணி மாலைகள் வேண்டுவோர் ஆடி மாதமே சொல்லிவிடுவது நலம். பூஜை நெருக்கத்தில் சொன்னால் அவர்கள் இரவு பகலாக விழித்துக் கோக்க நேரும்.