மணிக்கூண்டும் நாணயமும்

வடாலா ரோடு நிலையத்தில் நாள்தோறும் ஹார்பர் வண்டி ஏறிக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர் பலர். சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்கித் தென்மேற்காக நடந்தால், ஓவல் மைதானத்தின் ஓரத்தில் பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டு வானளாவி நிற்பதைக் காணலாம். ராஜாபாய் கோபுரம் என்பது அதன் பெயர். ராஜாபாய் ஓர் அரசியும் அல்லர்; ஆளுநரின் மனைவியும் அல்லர். பங்குத் தரகர் ஒருவரின் தாய். ஏறத்தாழ 280 அடி உயரமுள்ள அக்கோபுரத்தைத் தம் அன்னையின் பெயரால் எழுப்பப் பொருள் வழங்கிய பிரேம்சந்த் ராய்சந்தின் வரலாற்றை இன்று ஆராய்வோம். பிறர் பணத்தைக் கையாளுவோர் எவ்வாறு உயர்கின்றனர், எவ்வாறு வீழ்கின்றனர் என்பதையும் அவ்வரலாறு விளக்குகின்றது.

பிரேம்சந்த் சூரத்தைச் சேர்ந்த ஜைன வணிகக் குடும்பத்தில் தோன்றியவர். இளமையிலேயே பம்பாய்க்கு வந்து, ஆங்கிலம் கற்று, தரகுத் தொழிலில் புகுந்தார். சொன்ன சொல் தவறாதவர் என்று பெயர் பெற்றார். அப்பெயரே அவருடைய முதல்.

1861-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களின் கப்பற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது அரிதாயிற்று. ஆலை முதலாளிகளின் பார்வை பம்பாயின் பக்கம் திரும்பியது. 1853-இல் தாணா வரை ஓடத் தொடங்கிய இரயில், 1863-இல் போர் மலைக்கணவாயையும் கடந்தது. உள்நாட்டுப் பருத்தி துறைமுகத்திற்கு விரைந்து வந்து சேர வழி பிறந்தது. விலை பன்மடங்கு உயரவே, நகரத்தில் பணம் வெள்ளமெனப் பெருகியது.

வந்த பணம் வாளா இருக்குமோ? புதிய பாங்குகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. பாக் பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 ரூபாய் வரை விலை போயிற்று. பங்கை ஈடு வைத்துக் கடன் பெறுவதும், அக்கடனைக் கொண்டு மேலும் பங்கு வாங்குவதும் வழக்கமாயின. பங்கின் விலை ஏறும் வரை இச்சக்கரம் இனிதே சுழலும். இறங்கத் தொடங்கினால் ஈடும் சுருங்கும். கடன் மட்டும் சுருங்காது. இச்சுழற்சியின் நடுவே நின்றவர் பிரேம்சந்த். அரசாங்கமும் பங்குதாரராக இருந்த பம்பாய் பாங்கு, அவருடைய சொல்லை நம்பியே பெருந்தொகைகளைக் கடனாக வழங்கியது.

1865 ஏப்ரலில் தென் மாநிலப் படைத்தலைவர் லீ சரணடைந்தார். பருத்தி விலை சரிந்தது. பங்கு ஒப்பந்தங்களுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளாகிய ஜூலை 1-ஆம் நாள், கொடுக்க வேண்டியவர் கையில் பணம் இல்லை. பெருவணிகரோடு சிறு சேமிப்பாளரும் மூழ்கினர். பிரேம்சந்தும் நொடித்தார். பம்பாய் பாங்கு 1868-இல் கலைக்கப்பட்டது. அதன் வீழ்ச்சியை ஆராய்ந்த விசாரணைக் குழு, தகுந்த ஈடின்றிக் கடன் கொடுத்த முறையைக் கடிந்துரைத்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை நிகழ்ந்தது. அதே போரில் வட மாநில அரசின் கடன் பத்திரங்களை விற்றுப் புகழ் பெற்றவர் பிலடெல்பியாவின் ஜே குக் என்னும் பாங்கர். பின்னர் அவர் வடக்கு பசிபிக் இரயில்பாதையில் அளவுக்கு மீறிப் பணத்தை முடக்கினார். 1873 செப்டம்பர் 18-ஆம் நாள் அவருடைய பாங்கு கதவடைத்தது. நியூயார்க் பங்குச் சந்தையே பத்து நாள் மூடிக் கிடந்தது. ஒரே போரினால் உயர்ந்த இருவரும் ஒரே வகைப் பிழையால் வீழ்ந்தனர். இருவரும் மீண்டும் உழைத்துத் தலை நிமிர்ந்தனர். குக் 1905-இலும், பிரேம்சந்த் 1906-இலும் மறைந்தனர்.

பிரேம்சந்த் விட்டுச் சென்றது யாது? தம்மிடம் வைத்திருந்த பங்குகள் காகிதமாயின. வீழ்ச்சிக்கு முன்னர் அவர் கொடுத்தவை நிலைத்தன. 1864-இல் பல்கலைக்கழக நூலகத்திற்கும் கோபுரத்திற்குமாக அவர் அளித்த 4 லட்சம் ரூபாயால், 1869-இல் கால்கோள் இடப்பட்டு 1878-இல் அக்கட்டடம் நிறைவெய்தியது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய உதவித்தொகை அசுதோஷ் முகர்ஜி, யதுநாத் சர்க்கார் போன்ற அறிஞர்களுக்குத் துணை நின்றது. 1875-இல் தோன்றிய பங்குத் தரகர் சங்கமே இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை. அதன் முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

இது வடநாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. பிரேம்சந்த் மறைந்த அதே 1906-இல், அக்டோபர் மாதம், சென்னையின் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. ஓய்வூதியக்காரர், கைம்பெண்கள், சிறு சேமிப்பாளர் எனப் பல்லாயிரவரின் பணம் அதனோடு போயிற்று. அத்துன்பத்திலிருந்து பிறந்ததே, வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் நகரத்தார் பெருமக்களும் முயன்று 1907-இல் தொடங்கிய இந்தியன் பாங்கு.

ஊரை விட்டு வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைச் சீட்டிலும் வைப்பிலும் போடுகின்றவர்கள் நாம். ஒருவர் மிகுந்த வட்டி தருவதாகச் சொல்லும்போது இரண்டே வினாக்களைக் கேட்க வேண்டும். அவ்வட்டி எந்த உழைப்பிலிருந்து வருகின்றது? நம் பணத்திற்கு ஈடாக நிற்பது யாது? ஆளின் பெயர் மட்டுமே விடையானால், 1865-ஐ நினைவு கூர்தல் நலம்.

நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல் வழங்குகின்றது. முன்னது போனால் மீண்டும் ஈட்டலாம். பிரேம்சந்தும் ஈட்டினார். ஆனால் அவரை நம்பிக் கெட்டவர் அனைவருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை என்பதை, அடுத்த முறை அக்கோபுரத்தின் மணியோசை செவியில் விழும்போது நாம் எண்ணிப் பார்ப்போமாக.