பல் இம்ப்ளான்ட் ஆய்வுகள்: எண்ணிக்கை ஏறுது, கேள்வி என்ன ஆச்சு?

பப்மெட் தளத்தில் பல் இம்ப்ளான்ட் பற்றித் தேடினால், வருடவாரியாக ஒரு பட்டை வரைபடம் வரும். 1980கள் வரை தரையோடு ஒட்டிக் கிடக்கும் பட்டைகள், அதற்கப்புறம் மளமளவென்று ஏறும். இவ்வளவு ஆய்வு இருக்கே, நம்பலாம் என்று தோன்றும். ஆனால் எத்தனை கட்டுரை வந்தது என்பதைவிட, அவை என்ன கேட்கின்றன என்பதுதான் முக்கியம்.

முதல் கேள்வி, "நிற்குமா?" ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், 1950களில் முயல் எலும்போடு டைட்டானியம் பிணைந்துகொள்வதைக் கவனித்தார். 1965ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். 15 வருடக் கண்காணிப்பின் முடிவுகள் 1981ல் வெளியாயின. 1982 டொராண்டோ மாநாட்டுக்குப் பிறகு வட அமெரிக்காவும் ஏற்றுக்கொண்டது. பட்டைகள் ஏறத் தொடங்கியது இந்தச் சமயத்தில்தான்.

அடுத்த கேள்வி, "எதை வெற்றின்னு சொல்றது?" 1986ல் ஆல்பிரெக்ட்சன் குழு அளவுகோல் கொடுத்தது: அசையக் கூடாது, வலி கூடாது, முதல் வருடத்துக்குப் பிறகு எலும்புத் தேய்வு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

சூட்சுமம் இங்கேதான். பல கட்டுரைகள் சொல்வது 'வெற்றி' விகிதம் அல்ல, 'நிலைத்திருக்கும்' விகிதம். இம்ப்ளான்ட் வாயில் இருந்தால் போதும், கணக்கில் சேர்ந்துவிடும். சுற்றிலும் ஈறு வீங்கி எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் சரி. எங்க பாஷையில் சொன்னால், சர்வர் பிங்குக்குப் பதில் சொல்லுது, ஆனா அப்ளிகேஷன் வேலை செய்யலை. அந்த எலும்புக் கரைவுக்குப் பெயர் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். இப்போது அதற்கென்றே ஏராளமான கட்டுரைகள் வருகின்றன.

இன்னொரு கேள்வி, "காசு யாருடையது?" 2010ல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வு, 41 மருத்துவச் சோதனைகளை அலசியது. நிதி யார் கொடுத்தார்கள் என்று 26 சோதனைகளில் சொல்லவே இல்லை. நிறுவனத் தொடர்புள்ள சோதனைகளில், தொடர்பில்லாதவற்றைவிடத் தோல்வி விகிதம் குறைவாக இருந்தது. நிதி மூலம் சொல்லாதவற்றிலும் அப்படித்தான். இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமான நோயாளிகளையும் கைதேர்ந்த மருத்துவர்களையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலே எண் அழகாகிவிடும்.

ஆகவே யாராவது "98 சதவீதம் சக்சஸ் சார்" என்றால் மூன்று கேள்வி கேளுங்க. நிலைத்ததா, வெற்றியா? எத்தனை வருடக் கணக்கு? ஆய்வுக்கு யார் காசு கொடுத்தது? பதில் வந்த பிறகு பல்லைக் காட்டலாம்.