கர்த்ருத்வமும் ஆத்ம ஸ்வரூபமும்

ஆத்மா அறிபவன் மட்டுமோ, செய்பவனும் ஆவனோ என்னும் வினாவை ப்ரஹ்மஸூத்ரம் இரண்டாம் அத்யாயம் மூன்றாம் பாதத்துக் கர்த்ரதிகரணம் ஆராய்கிறது. செயல் யாவும் ப்ரக்ருதியினுடையது, புருஷன் நுகர்பவன் மட்டுமே என்பது ஸாங்க்யர் கொள்கை. செயல்களைக் குணங்களின்மேல் ஏற்றிக் கூறும் கீதாவசனங்கள் அவர்களுக்குச் சார்புபோல் தோன்றும்.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் இதனை மறுத்தருளுகிறார். சாஸ்த்ரம் விதிப்பதும் விலக்குவதும் அறிந்து முயல வல்ல சேதநனை நோக்கியே. அசேதநத்திற்கு விதி இல்லை. மேலும், புத்தியே கர்த்தா எனில் பலனை நுகர்வதும் புத்தியே ஆகவேண்டும். செய்பவன் ஒருவன், நுகர்பவன் வேறொருவன் என்பது பொருந்தாது. ஸாங்க்யரோ நுகர்ச்சியைக் கொண்டே புருஷன் உளன் என்று ஸாதிப்பவர். ஆகவே ஆத்மாவினின்று செயலை நீக்கினால், ஆத்மா உண்டென்பதற்கே அவர்க்கு ப்ரமாணம் இல்லாதொழியும்.

அடுத்து வருவது தச்சன் த்ருஷ்டாந்தம். வாய்ச்சி முதலிய கருவிகள் அருகிலிருந்தும், தச்சன் விரும்பினால் செய்வான், விரும்பாவிடில் செய்யான். ஓசூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் இதனை எளிதில் உணரலாம். தானியங்கி லேத், இயக்கிவிட்டால் இட்ட நிரலின்படி இரும்பைக் கடையும்; வேண்டாம் என்று தவிர்தல் அதற்கு இல்லை. செய்தலும் தவிர்தலும் அதனருகே நிற்கும் தொழிலாளிக்கே உண்டு. அசேதநமான புத்தி கர்த்தாவாயின், விருப்பம் என்னும் நியாமகம் இன்மையால் எப்போதும் செய்துகொண்டே இருக்க நேரும்.

மேனாட்டில் டேக்கார்ட் சிந்தனையைக் கொண்டு ஆத்மாவை நிறுவினார். ஜான் மக்மரே 1953-54 கிஃபோர்ட் சொற்பொழிவுகளில் அதனை மறுத்துச் செயலை அடிப்படையாக்கினார். நம் ஸம்ப்ரதாயம் இரண்டையும் பிரிப்பதில்லை. கர்த்ருத்வ போக்த்ருத்வங்கள் ஞானத்தின் அவஸ்தைகளே ஆகையால், ஜ்ஞாத்ருத்வம் சொல்லவே அவையும் சொல்லப்பட்டன என்பது தத்த்வத்ரயத்தில் பிள்ளை லோகாசார்யர் காட்டியருளிய நிர்வாஹம். கீதாவசனங்களும், ஸம்ஸாரச் செயல்கள் குணச்சேர்க்கையால் வந்தவை என்பதையே கூறுவன; ஆத்மா கர்த்தா அல்லன் என்று கூறுவன அல்ல.

இக்கர்த்ருத்வம் ஸ்வதந்த்ரம் அன்று, பரமாத்மாவுக்கு அதீநம் என்று அடுத்த பராயத்தாதிகரணம் நிர்ணயிக்கிறது. ஆயினும் ஈச்வரன், விதிநிஷேதங்கள் வீணாகாதபடி, ஜீவனுடைய முதல் முயற்சியை நோக்கியே அநுமதி தந்து நடத்துகிறான். ஆதலால் எல்லாம் அவன் செயல் என்று சொல்லித் தன் குற்றத்தினின்று தப்ப ஜீவனுக்கு வழியில்லை. எல்லாம் என் செயல் என்று செருக்கவும் இடமில்லை. ஸாத்த்விகத்யாகம் தொழிலை விடுதல் அன்று. தொழிலைச் செய்துகொண்டே ஸ்வாதந்த்ர்ய நினைவை விடுதல் என்க.