கிபிரின் விலையும் எம்ஐ-17இன் சத்தமும்

டித்வா புயல் வந்து போனதிலிருந்து ருவான்வெல்லைப் பக்கம் எல்லாருமே விமான நிபுணர்கள். 2025 நவம்பர் கடைசியில் கேகாலை மாவட்டத்து மலைகள் சரிந்து, பாதைகள் அறுந்து கிடந்தபோது, உதவி என்று வந்ததில் பாதி வானத்து வழியாகத்தான் வந்தது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்து, "இது இந்தியாக்காரன்", "இல்ல, அமெரிக்காக்காரன்" என்று பேசிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. பசங்க கையில் போன், போனில் படம், படத்துக்குக் கீழே சண்டை.

"மாமா, நீங்களே சொல்லுங்க, இது அமெரிக்கா ஹெலிதானே?" என்று ஒருவன் போனை என்னிடம் நீட்டினான்.

படத்தில் இருந்தது வயிறு பெருத்த ஹெலி. மேலே ஐந்து விசிறி. எம்ஐ-17. ரஷ்யாவில் செய்தது, ஓட்டி வந்தவன் இந்தியனாகவும் இருக்கலாம், நம்ம ஆளாகவும் இருக்கலாம். இரண்டு விமானப்படையிடமும் அது உண்டு. செய்த நாடு வேறு, வைத்திருக்கும் நாடு வேறு என்பதுதான் இந்த வித்தையின் அரிச்சுவடி. படத்தைப் பெரிதாக்கி வால் பக்கம் போனால் காவி, வெள்ளை, பச்சைப் பட்டை. சண்டை முடிந்தது, பிளேன்டீக் காசைத் தோற்றவன் கொடுத்தான்.

கண்ணுக்குப் படாவிட்டாலும் காதுக்குப் படும். பெல்-212க்கு மேலே இரண்டே விசிறி. அதனால்தான் அது மலைக்கு அந்தப் பக்கம் வரும்போதே "டப், டப், டப்" என்று தனித்தனியாக அடிக்கிறது. ஐந்து விசிறி எம்ஐ-17 அப்படி அடிக்காது, ஒரே இரைச்சலாக வரும். சரக்கு விமானத்திலும் இந்தக் கணக்கு உண்டு. நம்ம விமானப்படையின் சி-130 பிரிட்டனிடமிருந்து வந்த பழைய வகை. ஒரு எஞ்சினுக்கு நாலு இதழ் விசிறி. புயலுக்கு உதவியாக இந்தியாவும் அமெரிக்காவும் அனுப்பியவை சி-130ஜே. அதற்கு வாள் மாதிரி வளைந்த ஆறு இதழ். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று நாட்டு விமானமும் ஒரே அச்சு. இதழை எண்ணத் தெரிந்தவன் நம்ம விமானத்தைப் பிரித்துச் சொல்லிவிடுவான். இந்தியாவா அமெரிக்காவா என்பதற்கு அவனும் வால் பக்கம்தான் போகவேண்டும்.

அடுத்த கேள்வி எப்போதும் பறக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் போன் ஆப் பற்றியது. "ஆப்பில காட்டல மாமா, அப்ப ரகசியமாத்தானே வந்திருக்கு?"

ரகசியம் ஒன்றும் இல்லை. விமானம் நொடிக்கு நொடி, நான் இன்னார், இந்த இடத்தில், இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்று 1090 மெகாஹெர்ட்ஸில் தானே சொல்லிக்கொண்டு போகிறது. அதைக் கேட்பது வேறு யாருமல்ல, வீட்டுக் கூரையில் சின்ன அன்டெனாவும் மேசையில் ஒரு பெட்டியும் வைத்திருக்கும் ஆர்வலர்கள்தான். உலகமெங்கும் அப்படிக் கேட்கிறவர்கள் அனுப்பும் தகவலைச் சேர்த்துத்தான் அந்த வரைபடம் உருவாகிறது. இந்த அலை நேர்க்கோட்டில் போகும். மலையைத் தாண்டி வளையாது. முப்பத்தையாயிரம் அடியில் போகிற பயணிகள் விமானத்தை வெகு தூரத்திலிருந்தும் கேட்கலாம். யட்டியாந்தோட்டைப் பக்கம் பள்ளத்தாக்குக்குள் தாழப் பறக்கும் ஹெலியைக் கொழும்பில் இருக்கும் பெட்டி எப்படிக் கேட்கும்? அதற்கு மேல், படை விமானங்கள் வேண்டுமென்றால் தங்கள் பேச்சை நிறுத்திவிடும். சில ஆப்கள் சில விமானங்களைக் கேட்டும் காட்டாமல் மறைக்கும். ஆப்பில் இல்லாததற்கு இத்தனை காரணம் இருக்கும்போது பசங்களுக்கு முதலில் தோன்றுவது சதிதான்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவைப்பேன். விமானத்தைப் படம் பிடிப்பது ஐரோப்பாவில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்களுக்கே 2001இல் கிரேக்கத்தின் கலமாட்டாவில் ஆபத்து வந்தது. விமானக் கண்காட்சி பார்க்கப் போன பன்னிரண்டு பிரித்தானியரும் இரண்டு டச்சுக்காரரும் நம்பர் குறித்தார்கள் என்று உளவுக் குற்றத்தில் பிடிபட்டார்கள். அடுத்த வருஷம் தண்டனையும் ஆனது, மேன்முறையீட்டில்தான் விடுதலை. அங்கேயே அப்படி என்றால், யுத்தக் காலத்தில் நம்ம லயத்துப் பையன் ஒருவன் ஹெலியின் நம்பரைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடந்திருக்க முடியுமா? 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எதற்கு எடுத்துப்போனார்கள் என்று தெரியாமலே உள்ளே இருந்தவர்கள் நம்ம தோட்டங்களிலும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கு நமக்குக் கிடைத்தது நேற்றுத்தான். தோட்டத்து மைதானத்தில் நிவாரணம் இறக்கும் ஹெலியைப் படம் எடு, தப்பில்லை. முகாம் வாசலில் போனைத் தூக்காதே.

அண்ணாந்து பார்ப்பதிலிருந்து பேச்சு எப்படியும் வாங்குவதற்குப் போய்விடும். இங்கேதான் வதந்தி காய்க்கும். 2015, 16இல் பாகிஸ்தானின் ஜேஎஃப்-17 போர் விமானத்தை இலங்கை வாங்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. 2016 ஜனவரியில் அன்றைய பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப் கொழும்பு வந்தபோது, எட்டு விமானம், 40 கோடி டொலர் என்று கையெழுத்தே ஆகிவிட்டதாகச் செய்தி பறந்தது. பாதுகாப்பு அமைச்சு மறுத்தது. இந்தியாவுக்கு அது பிடிக்கவில்லை என்பதும் வெளியே வந்தது. இன்றுவரை ஒரு ஜேஎஃப்-17கூட நம்ம விமானப்படைக்கு வரவில்லை. அந்த நாட்களில் அந்த விமானத்தின் வேகம், ஏவுகணை, ரேடார் எல்லாம் வாதாடித் தீர்த்தவர்கள் ஏராளம். நாட்டில் டொலர் இருக்கிறதா என்று கேட்டவன் குறைவு.

கேட்க வேண்டியதைக் கேட்டவர்கள் இல்லாமல் போகவில்லை. அந்தக் கதைதான் மிக்-27.

2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு அரசாங்கம் அவசர அவசரமாகப் போர் விமானம் தேடியது. அப்போது உக்ரைனிலிருந்து மிக்-27 வந்தது. பறக்கும்போதே சிறகை மடக்கவும் விரிக்கவும் முடிகிற விமானம். குண்டு போடுவதற்கென்றே செய்தது. 2006இல் மறுபடியும் உக்ரைனிடம் நாலு விமானம் வாங்கவும், ஏற்கெனவே இருந்தவற்றைப் பழுதுபார்க்கவும் 1 கோடி 40 லட்சம் டொலருக்கு மேல் ஒப்பந்தம். யுத்தம் நடக்கும் நேரம், யார் கேட்கப்போகிறார்கள்?

சண்டே டைம்ஸில் இக்பால் அத்தாஸ் கேட்டார். சண்டே லீடரில் லசந்த விக்கிரமதுங்க கேட்டார். அவர்கள் விமானத்தின் வேகத்தைப் பற்றி எழுதவில்லை. எந்த வருஷம் செய்தது என்று கேட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் செய்த உடம்புகள், 2000இல் நம்ம ஆட்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவந்தவை, இப்போது அன்றைய விலையைவிடக் கூடுதலாக வாங்கப்படுகின்றன என்று எழுதினார்கள். அரசுக்கும் அரசுக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் என்றால் நடுவில் பெலிமிஸ்ஸா ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனத்தின் பெயர் ஏன் வருகிறது, பணம் யார் கணக்குக்குப் போனது என்றும் கேட்டார்கள். முறைகேடு எதுவும் இல்லை என்றார் அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச. சண்டே லீடர் மீது மானநஷ்ட வழக்கும் போட்டார். 2007இல் அத்தாஸுக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பு விலக்கப்பட்டது. 2009 ஜனவரி 8இல், வேலைக்குப் போகும் வழியில், லசந்த கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு இன்னும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மிக் பேரத்தில் பெயர் அடிபட்ட உதயங்க வீரதுங்க, ரஷ்யாவுக்கான முன்னாள் தூதர், 2020 பெப்ரவரியில் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டுக் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார்.

இதைச் சொல்லும்போது கடையில் சத்தம் அடங்கிவிடும். பசங்களில் பலருக்கு மிக்கின் சிறகு எத்தனை பாகை மடங்கும் என்பது தெரியும். இந்தக் கதை தெரியாது.

விமானத்தின் வயசு ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? ஒவ்வொரு விமான உடம்புக்கும் ஆலையில் கொடுத்த எண் ஒன்று உண்டு. அந்த எண்ணுக்குக் கீழே, எத்தனை மணி பறந்தது, எப்போது எஞ்சின் கழற்றியது, எந்தப் பாகம் மாற்றியது என்று ஒரு முழுப் பதிவு. மேலே அடிக்கும் பெயின்டைப் புதிசாக்கலாம், இந்தப் பதிவைப் புதிசாக்க முடியாது. இத்தனை மணி, இத்தனை வருஷம் ஆனால் முழுதாகப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். அந்தச் செலவு பல சமயம் வாங்கிய விலையைத் தின்றுவிடும். கிபிர் போர் விமானத்தையே எடுங்கள். 1996இல் இஸ்ரேலிடமிருந்து முதல் தொகுதி வந்தது. யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 2021இல், ஐந்து கிபிரைத் திரும்பப் பறக்க வைத்து உள்ளே புதிய கருவிகள் பூட்ட இஸ்ரேல் நிறுவனத்தோடு ஒப்பந்தம். தொகை 5 கோடி டொலர். அதற்குள் இருப்பது 1950களில் வடிவமைத்த எஞ்சின். அடுத்த வருஷம் ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அதே அரசாங்கம் கையை விரித்தது; நாம் காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றோம். ஐந்து கிபிருக்கு அந்த 5 கோடி அப்போது தேவையா என்று கேட்டால் தேசத்துரோகி என்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

"இனாமா வந்தா நல்லதுதானே மாமா?" என்பான் ஒருவன். இனாம்கள் நிறையவே வருகின்றன. 2022 ஆகஸ்ட் 15இல் இந்தியா ஒரு டோர்னியர் கடல் கண்காணிப்பு விமானத்தைத் தந்தது. மறுநாளே சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கா ஒரு கிங் எயார் விமானத்தைத் தந்தது, அதுவும் கடலைப் பார்க்கத்தான். யார் எதைக் காண நமக்குக் கண் கொடுக்கிறார்கள் என்று யோசித்தால் விளங்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. விமானத்தில் பல்லைத்தான் முதலில் பார்க்கவேண்டும்: பாகம் எங்கே கிடைக்கும், எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும், திருத்துகிறவனுக்குப் பயிற்சி யார் கொடுப்பது?

2025 நம்ம விமானப்படைக்கு மோசமான வருஷம். மார்ச்சில் வாரியபொலவில் கே-8 பயிற்சி விமானம் விழுந்தது, இரண்டு விமானிகளும் குதித்துத் தப்பினார்கள். மே மாதம் மாதுறு ஓயாவில் பெல்-212 விழுந்து ஆறு பேர் செத்தார்கள். நவம்பர் 30இல், புயல் நிவாரண வேலையில் இருந்த இன்னொரு பெல்-212 லுணுவிலவில் விழுந்து விமானி உயிரை விட்டார். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும். ஊருக்குச் சோறு கொண்டுபோனவன் செத்த இடத்தில் போனில் உட்கார்ந்து தீர்ப்பெழுதுவது அழகில்லை. ஆனால் பெல்-212 இந்த நாட்டுக்கு வரத் தொடங்கியது 1980களில் என்பதை யாரும் மறந்துவிடக்கூடாது.

இப்போது கடையில் ஓடும் பேச்சு அமெரிக்கா தருவதாகச் சொன்ன பத்து டிஎச்-57 ஹெலியைப் பற்றி. பத்து என்றதும் பசங்களுக்குச் சந்தோஷம். அது அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளைப் பழக்க வைத்திருந்த ஹெலி. நாம் பெல்-206 என்று சொல்லும் வகை. பழகுவதற்கு நல்லது, பறக்கச் செலவு குறைவு, பாகமும் கிடைக்கும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு குறை சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டுகிறவரோடு சேர்த்து ஐந்து பேர்தான் அதில் உட்காரலாம். மண் சரிந்து ஒரு லயம் முழுக்க மாட்டிக்கொண்டால், கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் ஒரே தடவையில் இருபது பேருக்கு மேல் ஏற்றிப்போக எம்ஐ-17 வேண்டும். நம்மிடம் இருப்பவற்றில் மூன்று 2014இலிருந்து ஐ.நா. வேலைக்காக மத்திய ஆபிரிக்கக் குடியரசில் நிற்கின்றன. அது நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் வேலை, அதையும் தப்பென்று சொல்ல முடியாது. மிச்சம் இருப்பதில் எத்தனை நாளைக் காலையில் கிளம்பும் நிலையில் இருக்கின்றன என்பதைத்தான் ஓட்டுக் கேட்டு ருவான்வெல்லைக்கு வருகிறவர்களிடம் பசங்க கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பார்கள். முழிக்கட்டும், இரண்டாவது தடவை வரும்போது தெரிந்துகொண்டு வருவார்கள்.