அரசியின் பிரதிநிதி, குலத்தின் தலைவர்

1987இல் பிஜி நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கிகள் நுழைந்தபோது, முடிவெடுக்க வேண்டியவர் ஒரு பழைய போர்வீரர்

மே 14, 1987. காலை பத்து மணி. சுவா நகரில் பிஜி நாடாளுமன்றம் கூடியிருக்கிறது. வாயு முகமூடி அணிந்த பத்து சிப்பாய்கள் துப்பாக்கிகளுடன் உள்ளே நுழைகிறார்கள். பார்வையாளர் வரிசையில் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரம்புக்கா எழுந்து வருகிறார். ஆட்சிக்கு வந்து ஒரு மாதமே ஆன பிரதமர் திமோசி பவந்த்ராவும் அவரது கூட்டணியினரும் ராணுவ லாரிகளில் ஏற்றப்படுகிறார்கள். பிஜிக்குக் கூலிகளாக அனுப்பப்பட்ட முதல் இந்தியர்கள் லியோனிடாஸ் கப்பலில் வந்து சேர்ந்தது 1879இல், இதே மே 14ஆம் தேதிதான்.

காரியம் முடிந்ததும் ரம்புக்கா தகவல் சொல்லப் போனது கவர்னர் ஜெனரல் மாளிகைக்கு. அங்கே இருந்தவர் ராத்து சர் பெனாயா கனிலாவ். பிரிட்டிஷ் அரசி எலிசபெத்தான் அப்போது பிஜிக்கும் அரசி. கனிலாவ் அவருடைய பிரதிநிதி. அரசியல் சட்டத்தைக் காப்பது அவர் பொறுப்பு. ஆனால் ரம்புக்காவுக்கு அவர் வேறொன்றும்கூட. இருவரும் தகாவுந்ரோவே மாகாணத்தவர்கள். கனிலாவ் அங்குள்ள மிக உயர்ந்த தலைவர் குடும்பத்தில் பிறந்தவர். ரம்புக்கா சாதாரணக் குடிமகன். பிஜி வழக்கப்படி இது லேசான உறவல்ல. தலைவர் முன் குடிமகன் நின்றுகொண்டு பேசக் கூடாது. தரையில் உட்கார்ந்து, கைதட்டி வணங்கி, திமிங்கிலப் பல்லைக் காணிக்கை வைத்துத்தான் பெரிய விஷயங்களைப் பேச வேண்டும். 'ராத்து' என்பதே தலைவர் குலத்து ஆண்களின் பட்டம்தான்.

கனிலாவ் 1918இல் பிறந்தவர். இளமையில் பிஜிக்காக ரக்பி ஆடியவர். ஆக்ஸ்ஃபோர்டில் காலனி நிர்வாகப் பயிற்சி பெற்றார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மலாயாக் காடுதான். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக பிரிட்டன் நடத்திய போருக்கு பிஜி ஒரு பட்டாலியனை அனுப்பியது. 1953 முதல் 1956 வரை அதன் தளபதியாக இருந்து, டி.எஸ்.ஓ. விருதுடன் ஊர் திரும்பினார். பிஜியில் இப்படிப்பட்டவருக்கு அரசியல் கதவு தானாகவே திறக்கும். 1970இல் நாடு விடுதலை பெற்ற பின் அமைச்சர், 1973இல் கமிசேசே மாராவின் துணைப் பிரதமர், 1983இல் கவர்னர் ஜெனரல்.

மாராவின் அலையன்ஸ் கட்சி 17 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டது. 1987 ஏப்ரல் தேர்தலில் தோற்றது. புதிய பிரதமர் பவந்த்ரா பிஜி இனத்தவர்தான். ஆனால் அவரது கூட்டணியின் 28 எம்.பி.க்களில் 19 பேர் இந்தியர்கள். 1986 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகையில் இந்தியர்கள் 48.7 சதவீதம், பிஜியர்கள் 46 சதவீதம். நிலத்தின் பெரும்பகுதி பிஜியர்களுடையது; அதில் குத்தகைக்குக் கரும்பு பயிரிட்டது பெரும்பாலும் இந்தியர்கள். பாரதி கண்ணீர் விட்ட அதே கரும்புத் தோட்டங்கள். நிலம் பறிபோகும் என்ற பயத்தைக் கிளப்புவது சுலபமாக இருந்தது. சட்டப்படி அந்த நிலத்தைத் தொட பவந்த்ராவால் முடியாது என்பதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

முதல் நாளன்று கனிலாவ் உறுதியாகவே நின்றார். அவசர நிலை பிரகடனம் செய்தார். நிர்வாக அதிகாரம் தன்னிடமே என்றார். சிப்பாய்கள் முகாம்களுக்குத் திரும்ப வேண்டும் என்றார். தலைமை நீதிபதியும் மற்ற நீதிபதிகளும் அவர் பக்கம். ஆனால் பெருந்தலைவர்கள் பேரவை கூடி ரம்புக்காவை ஆதரித்தது. அது கனிலாவின் சொந்தச் சபை, சொந்த உறவு. அதன் பிறகு அவர் இறங்கத் தொடங்கினார். நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஆட்சியைக் கவிழ்த்தவர்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கினார். ரம்புக்காவைக் கர்னலாக்கி ராணுவத்தையே அவர் கையில் கொடுத்தார். ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து பவந்த்ராவையும் அழைத்தார், அவர் மறுத்துவிட்டார். நியாயம் கேட்டு லண்டன் போன பவந்த்ராவை அரசி சந்திக்கவில்லை. அவரது செயலர்தான் சந்தித்தார்.

ஆனாலும் கனிலாவை வெறும் பொம்மை என்று தள்ளிவிட முடியாது. செப்டம்பர் 23 அன்று தேவுபா என்ற இடத்தில் மாராவையும் பவந்த்ராவையும் ஒப்பந்தத்துக்கு இணங்க வைத்தார். இரு தரப்பும் சம பங்கு பெறும் தேசிய அரசு. அதற்குத் தலைமை கனிலாவ். ரம்புக்காவுக்கு அதில் இடமில்லை. இரண்டே நாள். செப்டம்பர் 25 அன்று ரம்புக்கா மீண்டும் புரட்சி செய்தார். அக்டோபரில் குடியரசை அறிவித்தார். அக்டோபர் 15 அன்று கனிலாவ் பதவி விலகினார். வான்கூவரில் அப்போது நடந்த காமன்வெல்த் மாநாட்டில், ராஜீவ் காந்தி உள்ளிட்ட தலைவர்கள் பிஜியின் உறுப்பினர் தகுதி காலாவதியானதாக அறிவித்தார்கள்.

ஒரு சிப்பாயின் பெருமையோடு அவர் அங்கேயே ஒதுங்கியிருக்கலாம். டிசம்பரில், தன்னைப் பதவியிலிருந்து இறக்கிய அதே ரம்புக்காவிடமிருந்து குடியரசுத் தலைவர் பதவியைப் பெற்றுக்கொண்டார். ராணுவத்தைத் தலைவர்களின் பிடிக்குள் திருப்பிக் கொண்டுவரத்தான் அப்படிச் செய்தார் என்பார்கள் அவரது ஆதரவாளர்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் 1990இல் அவர் பிறப்பித்த அரசியல் சட்டம் 70 இடங்களில் 37ஐ பிஜியர்களுக்கும் 27ஐ மட்டுமே இந்தியர்களுக்கும் ஒதுக்கியது. பிரதமர் பதவி பிஜி இனத்தவருக்கே என்றது. நான்கு தலைமுறை உழைத்த குடும்பங்கள் பல்லாயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் மூட்டை கட்டின. அவர்களில் தமிழர்களும் உண்டு. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயிருந்தன.

ரம்புக்காவுக்கும் தமிழ்நாட்டுடன் ஒரு தொடர்பு இருக்கிறது. 1979இல் அவர் நீலகிரியின் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். 2022 டிசம்பரில் மீண்டும் பிரதமரான அவர், 2023 மே மாதம், 1987இல் செய்ததற்காக இந்திய வம்சாவளியினரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க கனிலாவ் உயிரோடு இல்லை.

1988இல் கனிலாவ், தகாவுந்ரோவேயின் உச்சப் பட்டமான துயி தகாவு ஆனார். 1993 டிசம்பர் 15 அன்று, வாஷிங்டனில் அப்போது இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், பதவியில் இருந்தபடியே இறந்தார். அன்று பிஜியின் ராணுவத் தளபதி அவருடைய மகன் எபேலி. பிரதமர், ரம்புக்கா.