இருமச் சொல்வது யார்?

தண்ணீர் புரையேறினால் இருமுகிறோம். தூசி போனாலும் இருமுகிறோம். வேண்டாத பொருளை மூச்சுக்குழாயிலிருந்து வெளியே தள்ள உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. காசநோயாளியின் இருமலையும் மருத்துவ உலகம் வெகுகாலம் இப்படித்தான் விளக்கியது: நுரையீரல் புண்ணாகியிருக்கிறது, சளி சேர்ந்திருக்கிறது, அதனால் இருமுகிறார். தவறில்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

கிருமியின் பக்கத்திலிருந்து பாருங்கள். 1882இல் ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்த இந்தக் கிருமி ஒன்று இரண்டாவதற்கே சுமார் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு நுரையீரலிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதற்குள்ள பாதை காற்றுதான். அப்படியானால் நோயாளியை இரும வைப்பதில் கிருமிக்கே பங்கு இருக்குமோ?

2020இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் இதற்கு விடை தந்தார்கள். கிருமியின் மேலுறையில் சல்ஃபோலிப்பிட்-1 என்ற கொழுப்புப் பொருள் உண்டு. வலியை உணரும் நரம்பு செல்களை அது நேரடியாகத் தூண்டுகிறது. காசநோய் தொற்றிய கினிப்பன்றிகள் இருமின. அந்தக் கொழுப்பைத் தயாரிக்க முடியாதபடி மாற்றப்பட்ட கிருமி தொற்றியவை இருமவில்லை. நம்மைக் காப்பதற்கென்று உள்ள நரம்பை, தான் ஊர்விட்டு ஊர் போக இந்தக் கிருமி பயன்படுத்திக்கொள்கிறது. உயிரியலில் இத்தனை துல்லியமான சூழ்ச்சியை நான் அதிகம் படித்ததில்லை.

இருமலில் தெறிக்கும் பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். ஆபத்து, ஈரம் உலர்ந்து மிஞ்சும் சில மைக்ரான் அளவுத் துகள்களில் இருக்கிறது. அவை மணிக்கணக்கில் மிதக்கும். 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளிகளின் அருகில்கூடப் போகாத அந்த விலங்குகளுக்கு நோய் தொற்றியது. புற ஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவற்றுக்குத் தொற்றவில்லை.

இருமல் இல்லையென்றால் நோய் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2019–21இல் இந்தியா முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தப்பியிருப்பார்கள் என்று தெரிந்தது. என்னை மிகவும் கவலைப்படுத்தும் எண் இது.

நம்பிக்கை தரும் செய்தி சென்னையிலிருந்து வந்தது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்து ஒப்பிட்டது. நெரிசலான, ஏழை வீடுகள். ஆனாலும் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்று பெரும்பாலும் பரவுவது மருந்து தொடங்குவதற்கு முந்தைய நாட்களில்தான். இரண்டு வாரம் தாண்டிய இருமலென்றால் சளியைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வது அதனால்தான். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மாத்திரையும் இலவசம்.